குல்மார்க்கில் அறை எடுக்கும் முன்: ஸ்டாரை விடுங்கள், ஊர்ப் பெயரைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் கோவை. ஜனவரி கடைசி வாரத்தில் நான், மனைவி, 11 வயது மகன், 66 வயது அம்மா நால்வரும் குல்மார்க் போக இருக்கிறோம். நாங்கள் மூவரும் பனிச்சறுக்கு பழக ஆசைப்படுகிறோம், அம்மா வேடிக்கை பார்ப்பார். ஏஜென்ட் ஒருவர் ‘குல்மார்க் 4 ஸ்டார், 4 இரவு, ஹீட்டர் வசதி, கொண்டோலா அருகில், அனைத்து டிரான்ஸ்பரும் உண்டு’ என்று ஒரு பேக்கேஜ் அனுப்பி, பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார். இன்னும் அனுப்பவில்லை. இதை நம்பலாமா, அல்லது ஸ்ரீநகரில் தங்கிக்கொண்டு தினமும் போய்வருவது மேலா? அம்மாவுக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளுமா?

பதில்: அம்மாவின் உயரக் கவலையை முதலில் தீர்த்துவிடலாம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. ஊட்டியில் தங்கி தொட்டபெட்டா ஏறி இறங்கி மூச்சு வாங்காமல் வந்தவர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இதயம், நுரையீரல் தொந்தரவு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டோலா எனும் கேபிள் காரில் முதல் கட்டமான கோங்டூரி வரை, அதாவது சுமார் 3,080 மீட்டர் வரை, அவர் தாராளமாகப் போகலாம். இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிக் கொண்டுபோய் விடும். அதில் அவரை ஏற்ற வேண்டாம். அவருக்கு உண்மையான சிக்கல் குளிர்தான். அதுவும் வெளியே அடிக்கும் குளிர் இல்லை, ராத்திரி அறைக்குள் இருக்கும் குளிர். அதற்கு வருகிறேன்.

ஸ்ரீநகரில் தங்கிப் போய்வருவது கோடைச் சுற்றுலாவுக்குச் சரி. 50 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஜனவரியில் அந்த ஐம்பதின் கடைசி 13 கிலோமீட்டர்தான் மொத்தக் கதையும். டங்மார்க் என்ற அடிவார ஊரிலிருந்து குல்மார்க் வரை ஏறும் மலைப்பாதை அது. பனி விழுந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டாத வண்டிகளை டங்மார்க்கிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கே இறங்கி, உள்ளூர் டாக்சி யூனியன் வண்டிக்கு மாறி, பேரம் பேசி, மேலே போய்ச் சேருவதற்குள் பயிற்சியாளர் மற்றவர்களோடு பாதி வகுப்பை முடித்திருப்பார். மாலையில் திரும்ப இதே கூத்து. பனிச்சறுக்கு பழக நினைப்பவர்கள் மேலேதான் தங்க வேண்டும்.

இப்போது உங்கள் ஏஜென்ட். நீங்கள் அனுப்பிய பேக்கேஜ் தாளில் நான் முதலில் தேடியது ஓட்டலின் முகவரியை. இல்லை. ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆர் சிமிலர்’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதாவது, இந்த ஓட்டல் அல்லது இது மாதிரி ஏதாவது ஒன்று. இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துத்தான் பாதி காஷ்மீர் பேக்கேஜ் வியாபாரமே ஓடுகிறது. பிப்ரவரி வரை அறைக்கு வரிசை நிற்கும் ஊரில், அட்வான்ஸ் வாங்கிய பிறகு அறை தேடும் ஏஜென்ட்டுக்கு மேலே என்ன கிடைக்கும்? கடைசியில் டங்மார்க்கில் ஓர் அறையைப் போட்டுவிட்டு, “அதுவும் குல்மார்க் ஏரியாதான் சார்” என்பார். பொய் என்றும் சொல்ல முடியாது. ‘குல்மார்க் ரோடு’, ‘குல்மார்க் வியூ’, ‘குல்மார்க் ரீஜன்’ என்று எழுதியிருந்தால் அது டங்மார்க் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டங்மார்க் கெட்ட ஊர் என்று சொல்லவில்லை. ஆனால் நானூறு ஐந்நூறு மீட்டர் கீழே இருப்பதால் மேலே பனி கொட்டும்போது அங்கே பல நாள் வெறும் சேறும் தூறலும்தான். விடிய விடியப் பனி பெய்தால் பனி அள்ளும் இயந்திரம் பாதையைத் திறந்துவிடும் வரை நீங்கள் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். சறுக்க மிக அருமையான காலை எதுவோ அதே காலையில்தான் உங்களால் மேலே போக முடியாது. ‘அனைத்து டிரான்ஸ்பரும்’ என்பதிலும் இதே ஓட்டை. ஸ்ரீநகரிலிருந்து டங்மார்க் வரை அவர் வண்டி, அங்கிருந்து மேலே உங்கள் செலவு. “சங்கிலி வண்டியும் இதில் அடக்கமா?” என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பிறகு வாட்சப்பில் நீல டிக் மட்டும் வரும், பதில் வராது.

‘4 ஸ்டார்’ என்பதையும் மறந்துவிடுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் தரும் நட்சத்திரத் தகுதி ஓட்டல் விரும்பினால் விண்ணப்பித்துப் பெறுவது, கட்டாயம் கிடையாது. புக்கிங் தளங்களில் மின்னுகிற நட்சத்திரம் பல சமயம் ஓட்டல்காரரே போட்டுக்கொண்டது. உருப்படியாகக் கேட்க வேண்டியது, ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் துறையில் அந்த ஓட்டலின் பதிவு எண். ஓட்டலுக்கும் ஏஜென்ட்டுக்கும் தனித்தனி பதிவு உண்டு. ஆனால் டெல்லியிலோ கோவையிலோ உட்கார்ந்து போனில் பேக்கேஜ் விற்கும் ஆளை அங்குள்ள துறை என்ன செய்யும்? புகார் கொடுத்தால் “எங்களிடம் பதிவு இல்லாதவர்” என்ற பதில் வரும். அது தெரிந்துதானே புகார் கொடுக்கிறோம்!

அறைப் பஞ்சத்துக்கும் காரணம் உண்டு. குல்மார்க்கில் பல ஓட்டல்கள் அரசு நிலத்தில் குத்தகைக்கு நடப்பவை. குத்தகை முடிந்த இடங்களுக்கு என்ன முடிவு என்பது வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது, 2022இல் வந்த புதிய நிலக் குத்தகை விதிகளுக்குப் பிறகும். நாளைக்கு இந்த இடம் நம் கையில் இருக்குமா என்று தெரியாத முதலாளி ஹீட்டிங் குழாய் மாற்றப் பணம் போடுவாரா? போடமாட்டார். வாடகையை மட்டும் ஏற்றுவார். அந்த இழுபறிக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டப்போகிறீர்கள்.

சரி, ஹீட்டர். ‘ஹீட்டர் வசதி’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு சாமான்கள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது சென்ட்ரல் ஹீட்டிங், கட்டடம் முழுக்கச் சூடாக இருக்கும். பெரிய ஓட்டல்களில்தான் உண்டு, விலையும் அப்படி. இரண்டாவது புகாரி, அதாவது புகைபோக்கியுடன் அறை நடுவே நிற்கும் தகர அடுப்பு. மாலையில் பையன் வந்து விறகு போட்டுப் பற்றவைப்பான். பத்து மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குக் கொதிக்கும். விறகு தீர்ந்து, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் அடுப்பில் சாம்பல், டம்ளர் தண்ணீர் கையால் தொட முடியாத குளிர்ச்சி. இன்னொரு கட்டு விறகுக்குத் தனிக் காசு, அதுவும் எழுப்ப ஆள் கிடைத்தால். மூன்றாவது கரண்டில் ஓடும் ரேடியேட்டர் அல்லது புளோயர். கரண்ட் போனால் அதுவும் போச்சு, ஜெனரேட்டரைப் பல ஓட்டல்கள் ராத்திரி நிறுத்திவிடும். நான்காவது எலெக்ட்ரிக் பிளாங்கெட், மெத்தைக்கு அடியில் விரிப்பது. படுக்கை சூடாகும், அறை ஆகாது. அம்மா பாத்ரூமுக்கு எழுந்தால் தெரியும். ராத்திரி மைனஸ் பத்துக்குக் கீழே சாதாரணமாக இறங்கும் ஊர் அது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “ஹீட்டர் உண்டா?” அல்ல. “ராத்திரி ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை அறை எதில் சூடாக இருக்கும்? அந்த நேரம் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுமா?” இதற்கு ஓட்டலிலிருந்தே பதில் வேண்டும், ஏஜென்ட்டிடமிருந்து அல்ல. வெந்நீருக்கும் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள்.

ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது. அதற்கு என் பதில் கண்டிப்பான ‘வேண்டாம்’. அறைக்குள் சிலிண்டர் வைத்து எரியும் கேஸ் ஹீட்டர். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்வது மூக்குக்குத் தெரியாது. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் குளிருக்கு மூட்டிய சூட்டில் மூச்சுமுட்டி இறந்தார்கள், அதில் பச்சைக் குழந்தைகளும் உண்டு. கேஸ் ஹீட்டரை மட்டும் நம்பும் அறையை எந்த விலைக்கும் எடுக்காதீர்கள். புகாரி இருந்தாலும் புகைபோக்கி மூட்டில் கசிவு இல்லையா என்று பார்த்துவிட்டு, ஜன்னலை விரல் நுழையும் அளவு திறந்துவைத்துத்தான் படுக்க வேண்டும்.

அடுத்து ‘கொண்டோலா அருகில்’. இதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. அது யாருக்கு வேண்டும் என்றால், காலையில் முதல் ஆளாக அஃபர்வட் ஏறி யாரும் கால் படாத பனியில் இறங்கும் வெளிநாட்டுக் கில்லாடிகளுக்கு. அந்தச் சரிவுகள் பாதை போட்டுச் சீர் செய்தவை அல்ல. 2023 பிப்ரவரியில் அஃபர்வட் பக்கம் பனிச்சரிவில் போலந்துக்காரர் இருவர் இறந்தார்கள், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். முதல் வாரம் பழகும் உங்களுக்கு அங்கே வேலையே இல்லை. புதியவர்கள் பழகுவது கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்மையான சரிவுகளில். நீங்கள் கேட்க வேண்டியது, “பழகும் சரிவுக்கு நடந்து எத்தனை நிமிடம்?” ஸ்கீ பூட்ஸ் போட்டுப் பார்த்தால்தான் இந்தக் கேள்வியின் அருமை புரியும். கணுக்கால் மடங்காது, பிளாஸ்டர் போட்ட காலோடு நடப்பது போல. 11 வயதுப் பையன் பத்து நிமிடத்தில் அழுதுவிடுவான். அப்புறம் ஸ்கீ கட்டைகளையும் சேர்த்து நீங்கள் தூக்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்காக இன்னொன்று: வண்டி ஓட்டல் வாசல் வரை வருமா? பனிக்காலத்தில் சில ஓட்டல்களுக்கு வராது. பெட்டிகளை ஸ்லெட்ஜில் வைத்து இழுத்துப் போவார்கள், மனிதர்கள் வழுக்கும் பாதையில் நடக்க வேண்டும். தரைத் தளத்தில் அறை கேளுங்கள். காலை, இரவுச் சாப்பாடு சேர்ந்த வாடகையாகவே எடுங்கள். எட்டு மணி இருட்டில் சாப்பாட்டுக்காகப் பனியில் இறங்கி நடப்பது முடியாத காரியம்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். பனி விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2024 ஜனவரியில் பாதி மாதத்துக்கு மேல் குல்மார்க் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்தது. 2025இல் பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கில் தொடங்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனி இல்லாமல் மார்ச் 9க்குத் தள்ளிப்போயின. அரசாங்கம் தள்ளிவைக்கலாம், உங்கள் லீவைத் தள்ளிவைக்க முடியாது.

மேலேதான் தங்க வேண்டும் என்றேன், அதற்கு ஒரே ஒரு விலக்கு. கடைசி இரவு. அந்த ஓர் இரவை ஸ்ரீநகரில் போடுங்கள். பனி இல்லாவிட்டால்? அப்போதும். விமானம் மத்தியானம்தான் என்றால்? அப்போதும். காலையில் பாதை திறக்கும் நேரம் உங்களுக்கும் தெரியாது, ஓட்டல்காரருக்கும் தெரியாது. டங்மார்க்கில் வண்டி மாற்றும் நேரமும் யூனியன்காரர் மனதைப் பொறுத்தது. விமான நிலையத்தில் பல அடுக்குச் சோதனைக்கே கூடுதலாக நேரம் வேண்டும். ‘ஏற்கெனவே நாலு இரவுக்கும் மேலே கட்டிவிட்டோமே’ என்பீர்கள். அதனால்தான் கட்டும் முன் சொல்கிறேன்: மேலே மூன்று, கீழே ஒன்று. மூன்றாம் நாளில் கனமழை, கனத்த பனி என்று வானிலை எச்சரிக்கை வந்தால் அதற்கும் ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள், அந்த அறை வாடகை போனால் போகட்டும். நான்கு பேருக்குக் கடைசி நேரத்தில் டெல்லி வழியாகக் கோவைக்கு டிக்கெட் எடுத்துப் பார்த்தால் அறை வாடகை பெரிதாகத் தெரியாது. எச்சரிக்கை பொய்த்துப் பளீரென்று வெயில் அடித்தாலும் என்னைத் திட்டிக்கொண்டே ஸ்ரீநகரில் கஹ்வா எனும் காஷ்மீர் டீ குடியுங்கள்.

உங்கள் ஏஜென்ட்டுக்கு இன்னும் அட்வான்ஸ் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்பாதீர்கள். ஓட்டலின் பெயர், முகவரியில் குல்மார்க், பதிவு எண், உங்கள் பெயரில் ஓட்டலே தந்த உறுதிப்படுத்தல் ஆகிய நான்கும் வந்த பிறகு பேசலாம். மழுப்பினால் ஓட்டலுக்கு நீங்களே போன் போடுங்கள். பனிச்சறுக்குச் சாமானையும் பயிற்சியாளரையும் பேக்கேஜில் சேர்க்க வேண்டாம், அங்கே போய்க் கண்ணால் பார்த்து எடுப்பதுதான் நல்லது. கொண்டோலா டிக்கெட்டைக் கேபிள் கார் கழகத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். வாசலில் வந்து ஒட்டிக்கொள்ளும் ‘கைடு’ இல்லாமலேயே அதில் ஏறலாம், எவ்வளவு மிரட்டினாலும்.

போகும் முன் வீட்டில் ஒரு போனாவது போஸ்ட்பெய்டா என்று பாருங்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஏஜென்ட்டோடு சண்டை போடக்கூட சிக்னல் இருக்காது.