டேட்டா அதிகம் புழங்கும் செயலிக்கு எது சரி? கேள்வி-பதில்

கேள்வி: எங்களுக்கு டேட்டா நிறைய வருகிறது. பைத்தானா, ஜாவாவா?

'நிறைய' என்றால் எவ்வளவு? ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி வருகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்பார்கள், பதில் எத்தனை நொடிக்குள் வேண்டும்? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பதில் கிடையாது. முதலில் அளந்து பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

கேள்வி: 6 ஜிபி சிஎஸ்வி கோப்பை பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தில் திறந்தால் 16 ஜிபி ராம் போதவில்லை. பைத்தானை விட்டுவிடலாமா?

மொழிமேல் பழி போடாதீர்கள். பாண்டாஸ் முழுக் கோப்பையும் ராமில் ஏற்றும், நடுநடுவே நகலும் எடுக்கும். கோப்பைப் போல் 5 முதல் 10 மடங்கு ராம் இருந்தால்தான் நிம்மதி. கோப்பை பார்க்கே வடிவத்துக்கு (நெடுவரிசை வாரியாகச் சேமிப்பது) மாற்றி, வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் டக்டிபி, போலார்ஸ் போன்ற டேட்டா கருவியில் படியுங்கள்.

கேள்வி: மொத்தம் 40 ஜிபி. இரவில் ஒரு ரிப்போர்ட். வேலையைப் பல மெஷின்களுக்குப் பங்கிடும் ஸ்பார்க் கிளஸ்டருக்கு எத்தனை நோடு (மெஷின்) வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். இதே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் விரிவாகவே சொல்கிறேன். வேலையைப் பல மெஷின்களுக்குப் பிரிக்கும் முறையைச் சொன்ன கூகுளின் மேப்ரெட்யூஸ் கட்டுரை வந்தது 2004இல், அதைப் பின்பற்றிய ஹடூப் மென்பொருள் 2006இல். அன்றைய சாதாரண சர்வரில் சில ஜிபி ராம்தான் இருக்கும். வேலையைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்று 256 ஜிபி ராம் உள்ள ஒற்றை மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். உங்கள் டேட்டா முழுவதும் அதன் ஒரு மூலையில் அடங்கிவிடும். கிளஸ்டரில் ஒரு ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைப்பது) போட்டாலே பெரும்பாலும் ஷஃபிள் வரும்: டேட்டாவைப் பொட்டலம் கட்டி, டிஸ்கில் எழுதி, நெட்வொர்க்கில் அனுப்பி, அங்கே பிரிக்க வேண்டும். ஒரே கீயில் (இணைக்கப் பயன்படும் மதிப்பு) பாதி வரிசைகள் குவிந்துவிட்டால் ஒரு நோடு திணறும், மற்றவை சும்மா காத்திருக்கும். கிளஸ்டரைப் பராமரிப்பதிலேயே பாதி நேரத்தைத் தொலைத்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அல்லது டக்டிபியில் எழுதி, ஓட்டி, அளந்து பாருங்கள். பல டெராபைட் சேர்ந்து, விடிவதற்குள் முடியவில்லை என்றால் ஸ்பார்க் பக்கம் போங்கள்.

கேள்வி: பைஸ்பார்க்கில் (பைத்தானில் எழுதும் ஸ்பார்க்) யுடிஎஃப் (நாமே எழுதும் ஃபங்ஷன்) மெதுவாக ஓடுகிறது. ஸ்காலா மொழிக்கு மாறலாமா?

யுடிஎஃபை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு வரிசையும் ஸ்பார்க் ஓடும் ஜாவா தளமான ஜேவிஎம்மிலிருந்து பைத்தானுக்குப் போய்த் திரும்ப வேண்டும். ஸ்பார்க்கின் சொந்த ஃபங்ஷன்களை வைத்து எழுதினால் எந்த மொழியானாலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கேள்வி: ஜாவா ஹீப்பை (நிரலுக்கு ஒதுக்கும் ராம்) 30 ஜிபியிலிருந்து 36 ஆக்கினேன். பலனே இல்லையே?

32 ஜிபியைத் தாண்டினால் சுருக்கிய பாயின்டர்கள் (ராமில் எது எங்கே என்று காட்டும் முகவரிகள்) வேலை செய்யாது. பாயின்டர்கள் பெரிதாகி, கூட்டிய இடத்தைத் தின்றுவிடும். 31இல் நிறுத்துங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ரஸ்ட் மொழியில் திருப்பி எழுதினால் வேகம் கூடுமா?

நேரம் எங்கே போகிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நிரல் ரஸ்டிலும் காத்துக்கொண்டுதான் இருக்கும். அதை அளந்து சொல்லும் புரொஃபைலர் கருவியின் முடிவை அனுப்புங்கள், பார்க்கிறேன்.