எந்த மாசத்துக்கு மக்களே?

அன்புள்ள அக்கா,

நாகர்கோவிலில் பி.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் குலசேகரம் பக்கம், அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை. "இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?" என்று மாமா கேட்பதைக்கூடச் சமாளித்துவிடலாம். கள ஆய்வு என்று ஆளுக்கு ஐம்பது படிவம் கொடுத்தார்கள். பாதிப் பேர் விடுதியிலேயே உட்கார்ந்து நிரப்பிவிட்டார்கள், மார்க்கும் வந்துவிட்டது. நான் வீடு வீடாகப் போனேன். ஆனாலும் எதுவும் புரிந்ததாகத் தோன்றவில்லை. இறங்கிப் படிப்பது என்றால் இவ்வளவுதானா?

ஆ.

அன்புள்ள ஆ.,

முதலில் மாமா. போட்டித் தேர்வு எழுதலாம், சமூகப்பணியில் முதுகலை போகலாம், தொண்டு நிறுவனங்களில் வேலை இருக்கிறது, தொடக்கச் சம்பளம் குறைவுதான். சரி, அவரை விடுவோம்.

போயும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். விடுதியில் உட்கார்ந்து நிரப்பியவர்களுக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது.

படிக்கிற காலத்தில் நானும் படிவத்தோடு மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீசுக்குப் போனேன் (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஆலையைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், ஆபீஸ் என்றதும் மின்விசிறியும் நாற்காலியும் நினைத்துவிட வேண்டாம்). "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டேன். கொட்டை உடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, "எந்த மாசத்துக்கு மக்களே?" என்றார். கூலி கிலோக் கணக்கில். கப்பலில் கொட்டை வந்தால் வேலை, வராவிட்டால் ஆபீஸ் பூட்டு. நான் என்ன செய்தேன்? குத்துமதிப்பாக ஓர் எண்ணைக் கட்டத்தில் எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டேன். முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த அந்த விரல்களையும், அவர் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்ததையும் இன்றும் மறக்கவில்லை, ஆனால் பூட்டிக் கிடக்கும் மாதத்தில் சீட்டுப் பணத்தை எப்படிக் கட்டுகிறார், யாரிடம் கைமாற்று வாங்குகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த ஊரில் யார் யாரை நம்பி வாழ்கிறார்கள் என்பது முழுக்கத் தெரிந்திருக்கும்.

அதற்காகப் படிவத்தைத் திட்டவும் மனம் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த கில்பர்ட் ஸ்லேட்டர் நூறு வருஷத்துக்கு முன் தன் மாணவர்கள் கையில் கொடுத்ததும் கேள்வித்தாள்தான். ஆனால் அவர்களை அனுப்பியது அவரவருக்குப் பழக்கமான கிராமங்களுக்கு. 1918-ல் அது புத்தகமாக வந்தது. நமக்குப் பக்கத்தில் உள்ள கங்கைகொண்டானும் அதில் இருக்கிறது. அந்தக் கிராமங்களுக்கு 1930-களில் வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள், பிறகும் போனார்கள். மாணவர்கள் எழுதிக்கொடுத்தது அவ்வளவு காலம் உழைத்திருக்கிறது! ஊர்க்காரப் பையனிடம் எண்ணை மாற்றிச் சொல்லித் தப்பிக்க முடியாது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எனக்கொரு நினைப்பு.

அதனால் அடுத்த தடவை கேள்வித்தாளைக் கடைசியில் எழுதுங்கள். முதல் நாலைந்து நாள் வெறுங்கையோடு போய் உட்காருங்கள். அங்கே குறிப்பெடுத்தால் ஆட்கள் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள், வீட்டுக்கு வந்து தூங்குமுன் எழுதிவிடுங்கள், காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி போய்விடும். பெயர் எழுத வேண்டாம், வீட்டு அடையாளமும் வேண்டாம். நம் ஊர்களில் தெருவைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வேறு ஊர் தேடவும் வேண்டாம், உங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். ஒரு வாரம் அதிகாலையில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போங்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, இலை உதிரும் மாதங்களிலும் இல்லை. அந்த நாட்களில் அடுப்பு எரிவது யாருடைய கணக்கில் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்து பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள், அப்பா சொல்லும் தொகை வேறாக இருக்கலாம். இரண்டையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா