ஜோ லூயிஸா, முகமது அலியா? – குத்துச்சண்டை கேள்வி பதில்

பழைய ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) சாம்பியன்களில் யார் பெரியவர் என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் மனம் லூயிஸ் பக்கம் சாயும் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அலியைத் தெரியாதவர் இல்லை. ஜோ லூயிஸ் பெயரை என் வயதுக்காரர்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சாதனையில் யார் பெரியவர்?

பட்டக் கணக்கில் லூயிஸ்தான். 1937 ஜூனில் சிகாகோவில் ஜிம் பிராடக்கை வீழ்த்திப் பட்டம் வென்றவர், 1949இல் தாமாக விலகும்வரை 25 முறை அதைக் காத்துக்கொண்டார். ஹெவிவெயிட்டில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை எவரும் தாண்டவில்லை.

புகழ் கணக்கு வேறு. லூயிஸின் சண்டைகளை மக்கள் வானொலியில் கேட்டார்கள். அலி 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனை வீழ்த்தியதைச் செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகள் பார்த்தன. அலிக்கு நாவன்மையும் இருந்தது. அதற்கும் மேலாக, 1967இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தையும் மூன்றரை ஆண்டுகளையும் பறிகொடுத்தார். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் மீதான தண்டனையை ரத்து செய்தது. உடல் உச்சத்தில் இருந்த காலத்தைக் கொள்கைக்காக விட்டுக்கொடுத்தவரை உலகம் மறக்காததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்தில் லூயிஸ் மங்கிப்போனதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: லூயிஸ் வென்ற சண்டைகளில் வரலாற்றை மாற்றியது எது?

1938 ஜூன் 22, யாங்கி ஸ்டேடியம், எதிரே ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே ஷ்மெலிங் லூயிஸைப் பன்னிரண்டாவது சுற்றில் சாய்த்திருந்தார். லூயிஸ் இடது கையால் குத்திவிட்டு அந்தக் கையைத் தாழ்வாக இழுத்துக்கொள்வார். அந்தக் கண நேர இடைவெளியில் ஷ்மெலிங்கின் வலது கை புகுந்துவிடும். ஹிட்லரின் ஆட்சி அந்த வெற்றியைத் தன் இனவெறிக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டது. மறுசண்டை 2 நிமிடம் 4 விநாடியில் முடிந்தது. சொந்த நாட்டிலேயே பல விடுதிகளில் நுழைய முடியாத ஒரு கறுப்பின இளைஞருக்காக அன்று அமெரிக்கா முழுவதும் ஆர்ப்பரித்தது. அவருக்கு முன் எந்தக் கறுப்பினக் குத்துச்சண்டை வீரருக்கும் அது வாய்க்கவில்லை.

ஷ்மெலிங்கை வில்லனாக எண்ண வேண்டாம். அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. அவருடைய மேலாளர் ஒரு யூதர். அதே ஆண்டு நவம்பரில் யூதர்கள் மீது வன்முறை வெடித்தபோது இரண்டு யூதச் சிறுவர்களைத் தம் அறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்.

கேள்வி: அவ்வளவு சம்பாதித்த லூயிஸ் ஏன் வறுமையில் வாடினார்?

1942இல் இரண்டு சண்டைகளில் கிடைத்த வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு வழங்கினார். அதே ஆண்டில் தாமே படையிலும் சேர்ந்தார். போர் முடிந்தபின் வரிப் பாக்கி கழுத்தை நெரித்தது. அதை அடைக்கத்தான் ஓய்விலிருந்து களத்துக்குத் திரும்பினார். 1950இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸிடமும், 1951இல் ராக்கி மார்சியானோவிடமும் தோற்றார். கடைசிக் காலத்தில் லாஸ் வேகஸ் விடுதி ஒன்றில் விருந்தினர்களை வரவேற்கும் வேலை பார்த்தார். அப்போது பண உதவி செய்தவர்களில் ஒருவர், அதே ஷ்மெலிங். இதை எழுதும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

கேள்வி: மார்சியானோ 49 சண்டைகளிலும் வென்றவர். தோல்வியே இல்லாதவர்தானே முதலிடத்தில் இருக்க வேண்டும்?

தோல்வியின்மை பெரிய பெருமைதான். ஆனால் அவரிடம் வீழ்ந்தபோது லூயிஸுக்கு 37 வயது, அப்போதைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. அதற்காக அவரைக் குறைத்தும் பேசமாட்டேன். 1952இல் வால்காட்டுடன் மோதியபோது முதல் சுற்றிலேயே தரையில் விழுந்தார். மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தவர், பதின்மூன்றாவது சுற்றில் ஒரே வலது குத்தில் பட்டத்தைப் பறித்தார். அந்த நெஞ்சுரம் எண்களில் அடங்காது. என் வரிசையில் லூயிஸ், அலி இருவருக்கும் பின்னால்தான் அவர்.

கேள்வி: மைக் டைசன்?

20 வயதில் பட்டம் வென்ற மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன். அவர் உச்சத்தில் இருந்த காலம் குறுகியது. 1990இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்தார். புகழில் முதல் மூவரில் வருவார், சாதனையில் வரமாட்டார்.

கேள்வி: எடைப் பிரிவைப் பார்க்காமல் ஒருவரைச் சொல்லுங்கள்.

சுகர் ரே ராபின்சன். ஹெவிவெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவுகளில் ஆடியவர்: வெல்டர்வெயிட்டில் சாம்பியன், அதற்கு மேலான மிடில்வெயிட்டில் ஐந்து முறை பட்டம் வென்றவர். 1952இல் ஜோயி மாக்ஸிமை எதிர்த்து அடுத்த எடைப் பிரிவின் பட்டத்துக்கும் முயன்றார். அன்றைய வெக்கையில் நடுவரே தளர்ந்துபோய்ப் பாதியில் மாற்றப்பட்டார். புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சனால் பதினான்காவது சுற்றுக்கு எழ முடியவில்லை. வெக்கை வென்ற சண்டை என்றே அதைச் சொல்வேன்.

கேள்வி: பழைய படப்பதிவுகளில் எதை முதலில் பார்க்கலாம்?

1936 லூயிஸ்–ஷ்மெலிங் சண்டையைப் பாருங்கள். லூயிஸின் இடது கை எந்த இடத்தில் தாழ்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1938ஐப் போட்டு, அந்தக் கையை மட்டும் கவனியுங்கள்.