வாசகர் கேள்வி: அயல்நாட்டுப் புகையை யார் தடுப்பது?

கேள்வி: ஒரு நாட்டின் ஆலைப்புகை இன்னொரு நாட்டில் போய் இறங்கினால், பாதிக்கப்பட்ட நாடு என்ன செய்ய முடியும்? நாடுகள் கூடிப் பேசிக் காற்று மாசைக் குறைத்தது உண்டா?
(தேனி வாசகர்)

பதில்: உண்டு. 1960களில் ஸ்வீடன், நார்வே ஏரிகள் பலவற்றில் மீன்கள் அற்றுப்போயின. அந்த ஏரிகளின் நீர் அடிமண் தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தது. நீர் அமிலமானதால் வந்த தெளிவு அது. நிலக்கரியை எரிக்கையில் எழும் கந்தக டை ஆக்சைடு அமில மழையாகப் பெய்து, மண்ணிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து ஏரியில் சேர்க்க, அது செவுள்களில் படிந்து மீன்களை மூச்சுத் திணறடித்தது. இந்தக் கந்தகத்தில் பெரும்பங்கு பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது என்று 1967-ல் ஸ்வீடன் மண்ணியலாளர் ஸ்வான்டே ஓடேன் எழுதினார். பிரிட்டன் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளூரில் புகை மண்டக்கூடாது என்று அது எழுப்பிய உயரமான புகைபோக்கிகள், தன் வீட்டுக் குப்பையை அடுத்த வாசலில் தள்ளும் வேலையைத்தான் செய்தன.

பனிப்போர்க் காலத்திலும் கிழக்கு, மேற்கு நாடுகள் ஒன்றாக அமர்ந்து 1979 நவம்பரில் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. எவ்வளவு குறைப்பது என்ற எண் அதில் இல்லை. கந்தக வெளியேற்றத்தை 1980-ஐ ஒப்பிட 1993-க்குள் 30 சதவீதம் குறைப்பது என்று 1985-ல் ஹெல்சிங்கியில் முடிவானபோது பிரிட்டனும் அமெரிக்காவும் போலந்தும் விலகி நின்றன.

என்னைக் கேட்டால், இழுபறியைத் தீர்த்தது பேச்சைவிட அளவைதான். எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு எவ்வளவு கந்தகம் போகிறது என்பதை, 1977-ல் தொடங்கிய பொதுக் கண்காணிப்புத் திட்டம் கணக்கிட்டுத் தந்ததால், 'எங்கள் புகை இல்லை' என்ற வாதம் வலுவிழந்தது. சுண்ணாம்பு மண் அமிலத்தை ஈடுகட்டிவிடும், ஸ்காண்டிநேவியக் கருங்கல் நிலத்தால் அது முடியாது என்பதால், 1994 ஆஸ்லோ ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்பதை விட்டு, மண் தாங்கும் அளவைப் பார்த்து நாட்டுக்கு நாடு வேறு இலக்கு வகுத்தது; பிரிட்டனும் அதில் கையெழுத்திட்டது. ஐரோப்பாவின் கந்தக வெளியேற்றம் 1980 அளவிலிருந்து 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. நிலக்கரியிலிருந்து எரிவாயுவுக்கு மாறியதும் இதற்கு உதவியது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் மண் எளிதில் மீள்வதில்லை; ஸ்வீடனில் படகிலும் ஹெலிகாப்டரிலும் ஏரிகளில் சுண்ணாம்புத் தூள் தூவும் வேலை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: நம் பகுதியில் இப்படி ஒன்றும் இல்லையா?
(அதே வாசகர்)

பதில்: இந்தியா, இலங்கை உட்பட எட்டு நாடுகள் 1998-ல் ஏற்ற மாலே பிரகடனம் உண்டு. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. சேர்ந்து அளந்து பார்க்க அதில் வழி இருக்கிறது. இவ்வளவு குறைப்போம் என்ற எண் மட்டும் இல்லை.