உள்ளூர் வரலாற்றைப் பற்றிப் பொதுக்கூட்டம் வைத்தால் யாராவது வருவார்களா?

வருவார்கள். நீங்கள் சங்கமோ நூலகமோ நடத்துபவராக இருப்பீர்கள், காலி நாற்காலிதான் பயம் என்று நினைக்கிறேன். யாரை வைத்துப் பேசப் போகிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்பேன்.

எனக்கு நீலகிரியில் பந்தலூர் பக்கம். இங்கே ஒரு முறை தங்க வேட்டையைப் பற்றிக் கூட்டம் போட்டார்கள். பேச்சாளர் வெளியூர்க்காரர், விஷயம் தெரிந்தவர், அதில் குறை சொல்ல மாட்டேன். 1879இல் ஆஸ்திரேலியாவிலிருந்து சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித் வந்தது, அவருடைய அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனி கம்பெனியாகப் பங்கு விற்றது, பக்கத்துத் தேவாலாவில் இயந்திரம் இறக்கியது, சில வருடங்களிலேயே எல்லாம் படுத்தது என்று படம் போட்டு விளக்கினார். அதற்கு வெகுகாலம் முன்பே இங்குள்ள பழங்குடிகளான பணியரும் குறும்பரும் ஆற்று மணலை அலசித் தங்கம் எடுத்தார்கள் என்பது ஒரே வாக்கியத்தில் போனது.

முடிவில் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த ஒரு பாட்டி எழுந்து, "நாங்க காடு வெட்டித் தேயிலை வச்சோமே, அந்தப் படம் எங்க தம்பி?" என்றார். "அது அண்மைக்காலம்மா, வரலாறு இல்லை" என்று பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தாவும் அந்தப் பாட்டியைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்தான். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, அப்புறம் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்காக 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் பின்னால் டேன்டீ ஆனது. சில வருடமே தாங்கிய தங்கம் வரலாறாம், அரை நூற்றாண்டு அட்டைக்கடி அண்மைக்காலமாம்!

வெள்ளைக்காரன் கதையே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சிலோன்காரர்கள்தான் முன்னோடிகள் என்றும் நான் சொல்லவில்லை. வெட்டிய காட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள், அதையும் பேசத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு நன்றியுரை முடிந்த பிறகுதான் கூட்டம் சூடு பிடித்தது. பாட்டி முகாமில் அரிசி வாங்க நின்ற வரிசையைச் சொன்னார். ஒரு செட்டி சமூகப் பெரியவர், தேயிலை வருவதற்கு முன்னால் நெல் விளைந்த வயல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினார். கூட்டம் நடந்த மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

   

பேச்சாளருக்கு அரை மணி நேரம் போதும், மீதி நேரம் மைக்கைக் கீழே அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வையுங்கள். மாலையில் வைத்தால் பாதிப் பேர் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள்.