லேவியராகமத்துல மாட்டிக்கிட்டேன் அண்ணே

அண்ணே, ஸ்தோத்திரம். ஒரு வருஷத்துல பைபிள முழுசா வாசிச்சிரணும்னு ஜனவரில ஆரம்பிச்சேன். ஆதியாகமம், யாத்திராகமம் ஓடிருச்சு, லேவியராகமத்துல நின்னுட்டேன். ஆடு, மாடு, ரத்தம், கொழுப்பு, குண்டிக்காய்... இவ்ளோ ரத்தம் கேக்குறவரும் இயேசு சொன்ன பிதாவும் ஒருத்தர்தானா? அதான் சிலுவையோட எல்லாம் முடிஞ்சிருச்சே, ஸ்கிப் பண்ணிரவா? பேர் போடாதீங்கண்ணே.

*

தங்கச்சி,

ஸ்கிப் பண்ணாத. நானும் மூணு வருஷம் அதே இடத்துல நின்னவன்தான்.

எபிரேயத்துல காணிக்கைக்கு 'கொர்பான்'னு பேரு, கிட்ட வர்றதுங்கிற வேர்லேர்ந்து வந்த வார்த்தை. கடவுளுக்குப் பசின்னு இல்ல, மனுஷன் கிட்ட வரணும், அதுக்குத்தான். சமாதானபலில பாதி வேலையே சாப்பாடுதான், கொழுப்பு பலிபீடத்துக்கு, மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் பலி செலுத்துற ஆசாரியனுக்கு, மிச்சத்த கொண்டு வந்தவன் குடும்பத்தோட உக்காந்து சாப்பிடுவான்.

இப்ப 5ஆம் அதிகாரத்த மெதுவா வாசி. பாவநிவாரணத்துக்கு ஒரு ஆடு. ஆட்டுக்கு வசதி இல்லயா, ரெண்டு புறா. அதுக்கும் வழியில்லயா, எப்பான்னு அந்தக் காலத்து ஒரு அளவு, அதுல பத்துல ஒரு பங்கு மாவு, நம்ம கணக்குல ரெண்டு லிட்டர் வரும், அதுல ஒரு பிடிய எடுத்து எரிப்பாங்க, அவ்ளோதான், ரத்தமே கிடையாது, ஆனா ஆடு கொண்டாந்தவனுக்கு சொன்ன அதே மன்னிப்பு இவனுக்கும். புதிய ஏற்பாட்டுல எபிரெயர் நிருபம் 9:22ல 'இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது'ன்னு எல்லாரும் மனப்பாடமா சொல்லுவாங்க, அதே வசனத்துல முன்னாடி 'கொஞ்சங்குறைய'ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அத யாரும் சத்தமா வாசிக்கிறதில்ல. (மரியாளும் யோசேப்பும் குழந்தைய தூக்கிட்டு தேவாலயத்துக்குப் போனப்ப புறாதான், ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்ல.)

6ஆம் அதிகாரம்தான் எனக்கு உதைக்கிற இடம். அடுத்தவன் பொருள ஏமாத்துனவன் முதலோட அஞ்சுல ஒரு பங்கு சேத்து உரியவனுக்கு குடுத்துரணும், பலி குடுக்குற அதே நாள்ல. ஆட்டுக்கடாவ மட்டும் இழுத்துட்டு வந்து ஆசாரியன்கிட்ட நின்னா கணக்கு தீராது.

இயேசு ஒரே தரம், எல்லாருக்காகவும் பலியானாருன்னு எபிரெயர் நிருபம் சொல்லுது, அதுல எனக்கு சந்தேகமில்ல. கி.பி. 70ல ரோமர்கள் எருசலேம் தேவாலயத்த இடிச்சதுக்கப்புறம் யூதர்களுக்கும் பலி நின்னுதான் போச்சு. ஆட்டுக்கடா முடிஞ்சிச்சு சரி, அந்த அஞ்சுல ஒரு பங்கும் முடிஞ்சிச்சுன்னு எங்க எழுதிருக்கு? இயேசு காணிக்கைய பலிபீடத்து முன்னாடியே வச்சுட்டு முதல்ல போய் சகோதரன்கிட்ட ஒப்புரவாகுன்னாரு. பெத்தவங்களுக்கு செய்ய வேண்டியத 'கொர்பான்'னு சொல்லி ஏமாத்துறவங்கள மாற்கு 7ல வெளுத்து வாங்குனாரு. வரி வசூலிக்கிற சகேயு, ஏமாத்தி வாங்குனத நாலத்தனையா திருப்பித் தரேன்னப்ப, வேணாம்ப்பா, நான் பாத்துக்கிறேன்னு சொல்லல.

எங்க அத்தையோட சீட்டுப் பணத்த சுருட்டுன ஒருத்தர் சபைல சாட்சி சொன்னாரு, ரத்தம் என்னை கழுவிருச்சு, பழசெல்லாம் ஒழிஞ்சு போச்சுன்னு. எல்லாரும் அல்லேலூயா. அத்தை மூணாவது வரிசைல உக்காந்திருந்தாங்க. பணம் இன்னும் வரல.

அதனால 5, 6 வாசி, அப்புறம் 19க்குத் தாவு, அங்க வயலோரத்து கதிர எளியவனுக்கு விடு, கூலிக்காரன் கூலிய விடியற வரைக்கும் வச்சிக்காதன்னெல்லாம் வரும். 16ல ஜனங்க பாவத்த ஒரு வெள்ளாட்டு மேல சுமத்தி, 'போக்காடு'ன்னு வனாந்தரத்துக்கு அனுப்புற சமாச்சாரம் இருக்கு, அது பெரிய கதை, வாசிச்சுட்டு இன்னொரு கடிதம் போடு.