டெபியன் 12-க்கு எந்தக் கையேட்டைப் படிப்பது?

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் வழங்கல்களில் (தொகுத்து வெளியிடப்படும் வடிவங்களில்) ஒன்றான டெபியன் 12-ஐ நிறுவியிருப்பதாகவும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிமனான லினக்ஸ் நூல் சொல்லும், பிணைய அமைப்புகளைக் காட்டும் 'இஃப்கான்ஃபிக்' (ifconfig) கட்டளையைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்று வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணினியில் பழுதில்லை. 2017-இல் வெளியான டெபியன் 9 முதல் அக்கட்டளை இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதன் வேலையை இப்போது 'ஐபி' (ip) என்ற கட்டளை செய்கிறது. சேவைகளை, அதாவது பின்னணியில் இயங்கும் நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் முறையும், 2015-இல் டெபியன் 8 அவற்றை நிர்வகிக்கும் சிஸ்டம்டி (systemd) என்ற மென்பொருளுக்கு மாறியதோடு மாறிவிட்டது. ஆகவே, எவ்வளவு விரிவான கையேடானாலும், வாங்குமுன் பதிப்பாண்டையும் அது எந்த வழங்கலுக்கு எழுதப்பட்டது என்பதையும் பார்த்தே தீர வேண்டும்.

ரஃபாயெல் ஹெர்ட்சோக், ரோலான் மாஸ் இருவரும் எழுதிய டெபியன் நிர்வாகிக் கையேட்டையே உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஒரு கற்பனை நிறுவனத்தின் கணினிகளை டெபியனுக்கு மாற்றும் வேலையை முன்வைத்து விளக்குவதால், ஒவ்வொரு கட்டளையும் எதற்காக என்பது தெளிவாகப் புரியும். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். மென்பொருள் தொகுப்புகளைப் பற்றிய 5, 6-ஆம் அத்தியாயங்களை டெர்மினலை (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தை) திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள், பிறகு சிக்கல்களைத் தீர்க்கும் வழிகளைச் சொல்லும் 7-ஆம் அத்தியாயத்துக்குச் செல்லுங்கள். கட்டளைவரியே புதிது என்றால், வில்லியம் ஷாட்ஸ் எழுதிய கட்டளைவரி நூலின் தொடக்க அத்தியாயங்களை முதலில் முடித்துவிடுங்கள். அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது.

கையில் உள்ள பழைய நூலைத் தூக்கிப்போட வேண்டாம். கோப்பு அனுமதிகள், பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் முறை), ஷெல் நிரல்கள் (கட்டளைகளைக் கோத்து எழுதும் நிரல்கள்) ஆகியவற்றின் அடிப்படைகளை அதிலிருந்தே தாராளமாகக் கற்கலாம்.